ஏர் ஃபில்டர் மாத்தணும்: கம்பெனி பேப்பரா, காட்டனா, கோனா?

மண்ரோடு | பதிவு 1

வணக்கம் எல்லாருக்கும். 1.5 லிட்டர் பெட்ரோல் கார், டர்போ கிடையாது, 62,000 கி.மீ. ஓடியிருக்கு. அடுத்த சர்வீஸில் ஏர் ஃபில்டர் மாத்தணும். இதுவரைக்கும் கம்பெனி பேப்பர் ஃபில்டர்தான் போட்டுட்டு வர்றேன். இந்தத் தடவை வேற ஏதாவது போடலாமான்னு யோசனை.

ஒண்ணு, அதே பாக்ஸுக்குள்ள உட்காரும் எண்ணெய் தடவின காட்டன் ஃபில்டர். கழுவிக் கழுவித் திரும்பப் போட்டுக்கலாம்னு சொல்றாங்க. இன்னொண்ணு, பாக்ஸையே கழட்டிட்டு ஒரு அலுமினியப் பைப், அதோட நுனியில கோன் ஃபில்டர். நண்பன் காரில் கோன் இருக்கு. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா வர்ற அந்த உறுமலைக் கேட்டதிலிருந்து மனசு அங்கேதான் நிக்குது.

என் ஓட்டத்தில் பாதி தார் ரோடு, பாதி மண் ரோடு. முன்னாடி லாரி போனா கொஞ்ச நேரம் எதுவுமே தெரியாது, அவ்வளவு புழுதி. குறை என்னன்னா, ஏசி போட்டுக்கிட்டு மேடு ஏறினா வண்டி திணறுது. மைலேஜும் முன்னை விட லிட்டருக்கு ஒரு கி.மீ. குறைஞ்சிருக்கு. ஃபில்டரை மாத்தினா இந்த ரெண்டும் சரியாகுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சிவப்புக்கோடு | பதிவு 2

ப்ரோ, கோன் போடுங்க. நான் போட்டு ஒண்ணரை வருஷம் ஆச்சு, 20,000 கி.மீ. தாண்டியாச்சு. 3,500 ஆர்பிஎம்முக்கு மேல வண்டி வேற மாதிரி ஆயிடும். காத்து தாராளமா போனா எஞ்சின் தாராளமா மூச்சு விடும், அவ்வளவுதான் விஷயம். கம்பெனி பாக்ஸைப் பாருங்க, காத்து நுழையுற மூக்கு எவ்வளவு சின்னதா இருக்கு! செலவைக் குறைக்க அப்படிச் செய்றாங்க.

இதுவரைக்கும் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல.

எண்ணெய்க்கறை | பதிவு 3

தம்பி மண்ரோடு, நான் இருபத்திரண்டு வருஷமா வண்டி வேலை பார்க்கிறேன். எந்த ஃபில்டர் வாங்குறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. ஃபில்டர் பாக்ஸ்ல இருந்து த்ராட்டிலுக்கு, அதாவது எஞ்சினுக்குப் போற காத்தைக் கட்டுப்படுத்துற தட்டுக்குப் போற ஹோஸைக் கழட்டி, ஒரு வெள்ளைத் துணியை விரல்ல சுத்தி, ஹோஸோட உள்பக்கம் துடைச்சுப் பாருங்க. ஃபில்டரைத் தாண்டின பக்கம் அது. அங்கே துணி வெள்ளையாவே வரணும். லேசா எண்ணெய் ஈரம் இருந்தா பரவாயில்ல, அது எஞ்சின் அடிப்பகுதி (கிராங்க்கேஸ்) எண்ணெய் ஆவியில வர்றது. ஆனா பழுப்பா, விரலுக்கு நறநறன்னு ஏதாவது ஒட்டினா அது ரோட்டு மண்ணு. அந்த மண்ணு நேரா சிலிண்டருக்குப் போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

மண்ணுல பெரும்பங்கு சிலிக்கா. ஊசியையும் கத்தியையும் கீறுற கடினம் அதுக்கு. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல இருக்கிற எண்ணெய்ப் படலம் சில மைக்ரான்தான். கண்ணுக்குப் பெருசாத் தெரியுற மண்ணை எந்த ஃபில்டரும் நிறுத்திடும். கெடுதல் பண்றது 5லிருந்து 20 மைக்ரான் வரைக்கும் இருக்கிற பொடி. தலைமுடியோட கனமே சுமார் 70 மைக்ரான், அப்போ பார்த்துக்கோங்க. அது எண்ணெய்ப் படலத்துக்குள்ள நுழைஞ்சு தேய்க்கும். சத்தம் வராது, லைட் எரியாது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் கி.மீ. கழிச்சு வண்டி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். அன்னைக்கு யாரும் ஃபில்டரை நினைச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க.

சிவப்புக்கோடு தம்பி, பிரச்சினை இல்லன்னு நீங்க சொல்றதை நம்புறேன். ஆனா இந்த மாதிரித் தேய்மானம் 20,000 கி.மீ.ல தெரியாது.

மண்ரோடு | பதிவு 4

நன்றி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை துடைச்சுப் பார்த்துச் சொல்றேன். ஒரு சந்தேகம். ஒவ்வொரு சர்வீஸிலும் ஃபில்டரைக் கழட்டிக் காத்து அடிச்சுத்தான் போடுறாங்க. நடுவில் நானும் மாசம் ஒரு தடவை கழட்டித் தட்டிப் போடுறேன், புழுதி ரோடாச்சேன்னு. இது சரிதானே?

எண்ணெய்க்கறை | பதிவு 5

வேண்டாம் தம்பி, நிறுத்திடுங்க. பேப்பர் ஃபில்டர் புதுசா இருக்கும்போதுதான் அதிகமா மண்ணை விடும். மடிப்புக்குள்ள மெல்லிசா தூசி படிஞ்ச பிறகு அந்தத் தூசியே இன்னொரு சல்லடையா வேலை செய்யும். மாசா மாசம் தட்டினா அந்தப் படலத்தை உதிர்த்துட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறோம். அது மட்டுமா? மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஓரத்துல நிக்கிற மண்ணு சுத்தமான பக்கம் விழும். காத்து அடிக்கிறப்ப நாசிலைக் கிட்டக் கொண்டு போனா பேப்பர் நார் பிரிஞ்சு ஊசி ஓட்டை விழும். கையில பிடிச்சுப் பார்த்தா தெரியாது. இருட்டில் உள்பக்கம் டார்ச் வெச்சுப் பார்த்தா நட்சத்திரம் மாதிரி புள்ளி புள்ளியா வெளிச்சம் வரும். போன மாசம்கூட அப்படி ஒண்ணை ஒரு கஸ்டமரிடம் காட்டினேன்.

மண் ரோட்டுக்காரங்க ஃபில்டரைச் சுத்தம் பண்றதை விட்டுட்டு, புத்தகத்துல போட்டிருக்கிற கி.மீ.யில் பாதியிலேயே புதுசு போட்டுக்கிட்டா போதும். புத்தகத்துலயே அதிகத் தூசிக்குன்னு தனியா ஒரு கணக்கு இருக்கும், பாருங்க.

கையளவு | பதிவு 6

எண்ணெய்க்கறை சார் சொன்னதற்கு எண்ணிக்கை சேர்க்கிறேன். ஏர் ஃபில்டரைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு முறை இருக்கிறது. அளவு தெரிந்த சோதனைத் தூசியை, நிர்ணயித்த காற்றோட்டத்தில் ஊட்டி, எத்தனை பங்கு பிடிபட்டது, எவ்வளவு தூசி தாங்கியது, காற்றுக்கு எவ்வளவு தடை கொடுத்தது என்று மூன்றையும் பார்ப்பார்கள். வெளிச்சந்தை ஃபில்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இந்த மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். ‘50 சதவீதம் அதிகக் காற்று’ என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் மற்ற இரண்டும் எங்கே என்று கேளுங்கள்.

ஒரு கணக்கு. ஒரு ஃபில்டர் 99 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 97. காதில் கேட்க இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் எஞ்சினுக்குள் போவது முதலாவதில் 1 பங்கு, இரண்டாவதில் 3 பங்கு. மூன்று மடங்கு மண். ஃபில்டரை ஒப்பிடும்போது பிடித்ததைப் பார்க்கக் கூடாது, விட்டதைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு காற்று போகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் என்றால் ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. டேங்க்கில் 40 லிட்டர் நிரப்பி, காலியாகும் வரை ஓட்டினால் மூன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் அந்த ஒரு காகித மடிப்பு வழியாகப் போயிருக்கும். மண் ரோட்டுக் காற்று அத்தனையும்.

சிவப்புக்கோடு | பதிவு 7

கையளவு சார், கணக்கெல்லாம் சரி. ஆனா பவர் ஏறுறது உண்மை. நான் டைனோவில், அதான் பவர் அளக்குற மெஷின்ல, போட்டுப் பார்த்தேன், 4 குதிரைத்திறன் கூடியிருந்தது. காட்டன் ஃபில்டரும் சும்மா வந்ததில்ல. கே அண்ட் என் 1969ல ஆரம்பிச்ச கம்பெனி, ரேஸ் வண்டிகள்ல ஓடி வளர்ந்த பேர். பாலைவன ரேஸ்லகூட எண்ணெய் ஃபில்டர்தானே போடுறாங்க?

கையளவு | பதிவு 8

நல்ல கேள்வி. டைனோவில் வண்டி நிற்கிறது, பானெட் திறந்திருக்கிறது, எதிரே பெரிய விசிறி ஓடுகிறது. கோனுக்கு வெளிக்காற்றே கிடைக்கிறது. ரோட்டில் பானெட் மூடியிருக்கும், கோன் ரேடியேட்டர் விட்ட காற்றைக் குடிக்கும். அதோடு ஒரே வண்டியை ஒரே நாளில் இரண்டு தடவை ஓட்டினாலே ஒன்றிரண்டு சதவீதம் வித்தியாசம் வரும். 110 குதிரைத்திறன் வண்டியில் அதுவே 1, 2 ஆகிவிடும். இன்னொரு நாள் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். நீங்கள் கோன் போடும் முன் ஓட்டியதும் போட்ட பின் ஓட்டியதும் ஒரே நாளா?

உங்களிடம் ஓபிடி புளூடூத் அடாப்டர் (வண்டியின் சென்சார் அளவுகளை ஃபோனில் காட்டும் கருவி) இருந்தால் ஒன்று செய்யுங்கள். உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்யுங்கள். என் நண்பர் ஒருவருடைய வண்டியில், மூடி இல்லாத கோனோடு நெரிசலில் எடுத்த அளவு என்னிடம் இருக்கிறது. வெளியே 38 டிகிரி, கோனுக்குள் 63. கம்பெனி பாக்ஸைத் திரும்பப் போட்டதும் அதே சாலையில் 45ஐத் தாண்டவில்லை. காற்றின் அடர்த்தி வெப்பத்தோடு குறையும். 38லிருந்து 63க்கு ஏறினால் 7 சதவீதத்துக்கு மேல் போய்விடும். காற்று சூடாக இருந்தால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வராமல் இருக்க இக்னிஷனையும் பின்னுக்கு இழுக்கும், அதிலும் பவர் குறையும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் ‘சின்ன மூக்கு’ பற்றி. அது கிரில்லுக்குப் பின்னால், உயரத்தில், குளிர்ந்த காற்று கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. பாக்ஸின் பக்கத்தில் தொங்கும் வெற்று டப்பா சத்தத்தை அடக்கும் ரெசொனேட்டர். அதை எடுத்தால் உறுமல் வரும். உறுமல் வந்தால் வண்டி வேகமாகப் போவது போலவே உடம்புக்குத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடிகாரம் வைத்து அளந்தபோது நேரம் மாறவில்லை.

ரேஸ் எஞ்சினை அடிக்கடி பிரித்து ரிங் மாற்றுவார்கள். பாலைவனத்தில் ஓடும் எண்ணெய் நுரை ஃபில்டரையும் ஓட்டம் முடிந்ததும் கழுவுவார்கள். நம் வண்டி இரண்டு லட்சம் கி.மீ. பிரிக்காமல் ஓட வேண்டும்.

ஈரமணல் | பதிவு 9

பைப் விஷயத்துல ஒண்ணு சேர்க்கணும். நான் போட்டிருந்தது பம்பருக்குப் பின்னாடி வரைக்கும் இறங்குற நீளமான கோல்ட் ஏர் பைப். சூட்டுப் பிரச்சினையே இல்ல, அது உண்மை. ஆனா ஃபில்டர் தரையிலிருந்து முழங்கால் உயரத்துலதான் நின்னுது. ஒரு மழையில தேங்கின தண்ணியில மெதுவாத்தான் இறங்கினேன், சக்கரம் பாதிகூட மூழ்கல. முன்னாடி போன பஸ் தள்ளின அலை வந்து பம்பர்ல மோதுச்சு, டொக்குன்னு ஒரே ஒரு சத்தம், எஞ்சின் நின்னுடுச்சு. பதட்டத்துல மறுபடி சாவியைத் திருப்பிட்டேன்.

காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல ஏற வழி இல்லாம கனெக்டிங் ராடு வளைஞ்சுடுச்சு. பிரிச்சு எடுத்து மேசை மேல வெச்சப்ப, பக்கத்துல நேரான ராடு ஒண்ணை வெச்சுப் பார்த்தாத்தான் வளைவு தெரிஞ்சுது. சுண்டு விரல் அகலம்கூட இல்ல. அதுக்கே முழு எஞ்சினையும் இறக்க வேண்டியதாப் போச்சு.

பைப் போடுறவங்க ஃபில்டர் எந்த உயரத்துல நிக்குதுன்னு டேப் வெச்சு அளந்துட்டுப் போடுங்க. தண்ணியில வண்டி நின்னா தயவுசெஞ்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க, கட்டி இழுத்துக்கிட்டுப் போங்க.

கண்ணாடிஜாடி | பதிவு 10

நான் ஒவ்வொரு தடவையும் பழைய எஞ்சின் ஆயிலில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறவன். என் வண்டியின் மூன்று அறிக்கைகளைச் சொல்கிறேன். ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒவ்வொன்றும் 8,000 கி.மீ. ஓடிய ஆயில். பேப்பர் ஃபில்டரோடு சிலிக்கான் (மண்ணின் சிலிக்காவில் இருப்பது) 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு. எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டர் போட்ட பிறகு 27, கூடவே எஞ்சின் பாகங்கள் தேய்வதால் வரும் இரும்பும் அலுமினியமும் ஏறியிருந்தன. பேப்பருக்குத் திரும்பிய பிறகு 12.

ஒரு வண்டியை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல மாட்டேன். சிலிக்கான் கேஸ்கெட் பசையிலிருந்தும் வரும், ஆயிலில் நுரை வராமல் கலக்கும் மருந்திலிருந்தும் வரும். அதனால் சிலிக்கான் மட்டும் தனியாக ஏறினால் பயப்பட வேண்டாம். இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் மண் உள்ளே போகிறது என்றுதான் படிக்க வேண்டும். நான் அந்தக் காட்டனுக்கு எண்ணெய் குறைவாகத் தடவியிருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். குறைத்துத் தடவினால் மண் போகும், அதிகமாகத் தடவினால் வேறொரு தொல்லை. பேப்பரில் இந்தக் கைப்பக்குவமே தேவையில்லை என்பதால்தான் திரும்பினேன்.

எண்ணெய்க்கறை | பதிவு 11

அந்த வேறொரு தொல்லையை நான் சொல்றேன். மண்ரோடு தம்பி, உங்க வண்டியில ஃபில்டர் பாக்ஸுக்கு அடுத்தாப்ல ஹோஸ் மேல ஒரு சென்சார் செருகியிருக்கா பாருங்க. அது மாஃப் சென்சார், உள்ளே போற காத்தை அளக்கிறது. உள்ளே மெல்லிசா ஒரு கம்பி, சில வண்டியில தகடு, சூடா இருக்கும். போற காத்து அதைக் குளிர வைக்கும். அதே சூட்டுல நிக்க எவ்வளவு கரண்ட் இழுக்குதோ அதை வெச்சு இசியு காத்தைக் கணக்குப் போட்டு பெட்ரோல் விடும்.

கழுவின காட்டன் ஃபில்டருக்கு ஆசையா எண்ணெயை ஊத்திடுவாங்க. அந்த எண்ணெய் பொட்டுப் பொட்டா பறந்து போய்க் கம்பியில ஒட்டும், அது மேல தூசி ஒட்டும். போர்வை போத்தின மாதிரி ஆயிடும். காத்து நிறையப் போனாலும் சென்சார் கம்மியாச் சொல்லும். பெட்ரோல் கம்மியா விழும். புகையில இருக்கிற ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து இசியு பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, ஒரு கட்டத்துல பி0171 கோடு (கலவையில பெட்ரோல் கம்மின்னு அர்த்தம்) போட்டு லைட்டை எரிய விடும். போன வருஷம் வந்த ஒரு வண்டியில லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம், அதாவது இசியு தொடர்ந்து கூட்டிக் கொடுக்கிற பெட்ரோல், கூட்டல் 16 சதவீதத்துல நின்னுது. அதுக்கு முன்னாடி வேற யாரோ ஃப்யூல் பம்ப்பையே மாத்திட்டாங்க. நான் சென்சாரைக் கழட்டி அதுக்குன்னே விக்கிற மாஃப் கிளீனர் அடிச்சுக் காய வெச்சுப் போட்டேன், அடுத்த நாளே 3க்கு வந்துடுச்சு. கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் எல்லாம் அதுல அடிக்காதீங்க. கம்பியைத் துணியாலயும் தொடாதீங்க.

காட்டன்தான் வேணும்னா முறை இருக்கு. சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கமாத் தண்ணி விடணும், அழுத்தம் வேண்டாம். நிழல்ல தானாக் காயணும், ஹேர் டிரையர் கூடாது. மடிப்புக்கு ஒரு கோடு எண்ணெய், இருபது நிமிஷம் விட்டுப் பாருங்க, வெளுத்த இடம் இருந்தா அங்கே மட்டும் தொட்டு வைங்க. சொட்டுற அளவுக்குப் போட்டா அதிகம். இவ்வளவு பொறுமை உள்ளவங்க போட்டுக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

கையளவு | பதிவு 12

மாஃப் பேச்சு வந்ததால் கோன் பைப் வாங்குகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். சென்சார் முழுக் காற்றையும் அளப்பதில்லை. தன் மூக்கருகே போகும் காற்றை அளந்து, குழாயின் விட்டத்தை வைத்து மொத்தத்தை ஊகிக்கிறது. கம்பெனிக் குழாய் உள்விட்டம் 60 மி.மீ., புதுப் பைப்பில் சென்சார் இருக்குமிடத்தில் 65 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 17 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் ஏறக்குறைய 15 சதவீதம் குறைத்துச் சொல்லும். ரீமேப் (இசியு கணக்கைத் திருத்தி எழுதுவது) செய்யாமல் இப்படிப் போட்டால் பெட்ரோல் குறைந்து கலவை மெலியும். நல்ல தயாரிப்பாளர்கள் அந்த இடத்தில் மட்டும் கம்பெனி விட்டத்தையே வைத்திருப்பார்கள். வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.

மேப் சென்சார் (த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை அளப்பது) மட்டும் உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது மண்ரோட்டின் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: ஃபில்டர் தடுப்பதால்தான் வண்டி திணறுகிறதா? இதை அளந்தே பார்த்துவிடலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூப், ஒரு பலகை, கொஞ்சம் கலர் தண்ணீர். டியூபை யு வடிவில் பலகையில் கட்டித் தண்ணீரைப் பாதி நிரப்புங்கள். ஒரு முனை ஃபில்டருக்கு முன்னால், இன்னொரு முனை ஃபில்டருக்குப் பின்னால். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் ஃபில்டரின் தடை. யு-வின் இரண்டு பக்கமும் அரை மீட்டர் உயரமாவது இருக்கட்டும், நடுவில் ஒரு காலிப் பாட்டிலும் வையுங்கள், தண்ணீர் தவறியும் எஞ்சினுக்குப் போகக் கூடாது. நிறுத்திவைத்து ரெய்ஸ் பண்ணினால் பயனில்லை, சுமை இல்லாத எஞ்சின் முழுக் காற்றைக் கேட்காது. ஆளில்லாத ரோட்டில் இரண்டாம் கியரில் முழு த்ராட்டில். பக்கத்தில் உட்காருபவர் வீடியோ எடுக்கட்டும்.

வளிமண்டல அழுத்தத்தைத் தண்ணீர் உயரத்தில் சொன்னால் சுமார் 10,300 மி.மீ. ஆகவே 50 மி.மீ. வித்தியாசம் என்றால் ஃபில்டர் எடுத்துக்கொள்வது அரை சதவீதம். ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும் கிடைக்கக்கூடியது அதற்கு மேல் இல்லை. என் வண்டியில் முழு இழுப்பில் 55 மி.மீ. வந்தது. மூக்கு முதல் த்ராட்டில் வரை மொத்தம் 180, அதில் பெரும்பங்கு குழாய் வளைவுகளுடையது. ஃபில்டர் பிராண்டை மாற்றுவதெல்லாம் அந்த 55க்குள் நடக்கும் பேச்சு.

டீசல்கை | பதிவு 13

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். என்னுடையது டர்போ டீசல். டர்போ எப்படியும் இழுத்துக்கும்னா ஃபில்டர் எதுவா இருந்தாலும் சரிதானே?

எண்ணெய்க்கறை | பதிவு 14

டர்போ வண்டிக்கு ஃபில்டர் இன்னும் முக்கியம் சார். டர்போவுல காத்தை அமுக்கித் தள்ளுற கம்ப்ரெசர் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துது. அந்த வேகத்துல மண் பொடி பட்டா அலுமினிய இறக்கை நுனி அரிச்சுப் போயிடும், நான் கையில எடுத்த ஒண்ணுல ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இருந்தது. ஹோஸ்ல எண்ணெய்ப் பசை இருக்கிறதைப் பார்த்துட்டு டர்போ போச்சுன்னு பயப்படாதீங்க, கொஞ்சம் இருக்கிறது இயல்பு. நல்ல பேப்பர், கிளாம்ப் இறுக்கம், ஹோஸ்ல வெடிப்பு இல்லாம பார்த்துக்கோங்க. அது போதும்.

வழிப்போக்கன் | பதிவு 15

மைலேஜ் பத்தி யாரும் பேசலையே? அடைச்ச ஃபில்டர் மாத்தினா மைலேஜ் கூடும்னு தானே எல்லா சர்வீஸ் கார்டுலயும் போட்டிருக்கு?

கையளவு | பதிவு 16

பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது உண்மை. ஃபில்டர் அடைத்தால் கலவை கனமாகிவிடும், பெட்ரோல் வீணாகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் குறைவான காற்றை அளந்து அதற்கேற்பக் குறைவான பெட்ரோல்தான் இசியு விடும். சாதாரண ஓட்டத்தில் த்ராட்டில் தட்டே பாதி மூடித்தான் இருக்கிறது, அதைவிடப் பெரிய தடை உண்டா? ஃபில்டர் கொஞ்சம் அடைத்தால் நம் கால் இன்னும் கொஞ்சம் மிதிக்கும், அவ்வளவே. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் வேண்டுமென்றே ஃபில்டரை அடைத்துச் சோதித்தது. இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் மைலேஜில் சொல்லும்படி மாற்றம் இல்லை. முழு மிதியில் வேகம் பிடிக்கும் நேரம்தான் கூடியது. அடைத்த ஃபில்டரை மாற்றுவதற்கு அந்த ஒன்றே நல்ல காரணம்தான், மைலேஜை எதிர்பார்த்து மாற்ற வேண்டாம்.

மண்ரோடு | பதிவு 17

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாத்தையும் செஞ்சு பார்த்தேன், வரிசையாச் சொல்றேன்.

முதல்ல வெள்ளைத் துணி. ஹோஸோட மேல்பக்கம் சுத்தம். கீழ்ப்பக்கம் பேனாவால கோடு போட்ட மாதிரி நீளமா ஒரு பழுப்புத் தடம், துணியில எடுத்து விரலால உரசினா நறநறங்குது. வயித்தைக் கலக்கிடுச்சு. அந்தத் தடத்தைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போனேன். ஃபில்டர் பாக்ஸ்ல நாலு கிளிப், பின் மூலையில, கை போகாத இடத்துல இருக்கிறது மாட்டாமலே தொங்குது. அந்த மூலையில ஃபில்டரோட ரப்பர் ஓரம் மடிஞ்சு உள்பக்கம் சுருண்டு கிடந்தது. மூடி அங்கே மட்டும் ஒரு மி.மீ. தூக்கி நிக்குது. நான்தான் மாசா மாசம் கழட்டித் தட்டிப் போட்டேன். எந்த மாசத்துல இது நடந்ததுன்னுகூடத் தெரியல.

ரெண்டாவது, டியூப் வெச்சு அளந்தது. ரப்பரைச் சரி பண்ணி நாலு கிளிப்பும் மாட்டின பிறகு, பழைய ஃபில்டரோட 5,500 ஆர்பிஎம்ல 48 மி.மீ. புது கம்பெனி பேப்பர் போட்டு அதே ரோட்டுல 31. வித்தியாசம் 17 மி.மீ. கையளவு சார் கணக்குப்படி 0.17 சதவீதம். 115 குதிரைத்திறன் வண்டிக்கு கால் குதிரைகூட இல்ல. கண்ணால தண்ணியைப் பார்த்த பிறகு கோன் ஆசை தானா அடங்கிடுச்சு.

மூணாவது, மைலேஜ். டயர்ல காத்து 33 இருக்க வேண்டியது 26 இருந்தது, நாலுலயும். நிரப்பின பிறகு ஒரு டேங்க் ஓட்டியாச்சு, குறைஞ்ச அந்த ஒரு கி.மீ.யில முக்கால்வாசி வந்துடுச்சு.

மேட்டுத் திணறல் அப்படியேதான் இருக்கு.

எண்ணெய்க்கறை | பதிவு 18

தடத்தைப் பிடிச்சுப் பின்னாடி போனீங்க பாருங்க, அதுதான் வேலை. மாஃப் சென்சாரையும் ஒரு தடவை கிளீன் பண்ணிடுங்க, அந்த மண்ணு அது வழியாத்தான் போயிருக்கும். அடுத்த ஆயில் சீக்கிரமே மாத்திடுங்க, முடிஞ்சா கண்ணாடிஜாடி சொன்ன மாதிரி ஒரு சாம்பிள் எடுத்து வைங்க. ஃபில்டர் வாங்கும்போது ரப்பர் ஓரத்தை மடக்கிப் பாருங்க, நெகிழ்ந்து திரும்பி வரணும். விறைப்பா, பேப்பர் மடிப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கிற மலிவு சாமானை எடுக்காதீங்க. என் அனுபவத்துல பிராண்டு பேரை விட அந்த ஓரம்தான் எஞ்சினைக் காப்பாத்தியிருக்கு.

மேடு ஏறும்போது எந்த கியர்ல, எத்தனை ஆர்பிஎம்ல ஏறுறீங்க?

மண்ரோடு | பதிவு 19

நாலாம் கியர், 1,700 பக்கம். இறக்கினா பெட்ரோல் குடிக்கும்னு இறக்க மாட்டேன் அண்ணா.

எண்ணெய்க்கறை | பதிவு 20

டர்போ இல்லாத எஞ்சினுக்கு இழுவை அதிக ஆர்பிஎம்லதான் இருக்கு. மூணாம் கியருக்கு இறக்கி 2,700, 3,000ல ஏத்துங்க. 1,700ல ஏசி கம்ப்ரெசரையும் சுமந்துக்கிட்டு ஏறச் சொன்னா எந்த ஃபில்டர் போட்டாலும் திணறத்தான் செய்யும். எஞ்சினுக்கும் அது நல்லதில்ல.

சிவப்புக்கோடு | பதிவு 21

எல்லாத்தையும் படிச்சேன். நானும் நேத்து ஹோஸைக் கழட்டித் துடைச்சேன். துணி படம் போட மனசு வரல. கோனோட கழுத்துல இருக்கிற கிளாம்ப் இறுக்கமாத்தான் இருக்கு, அப்போ மண்ணு ஃபில்டர் வழியாவே வந்திருக்கு. டைனோ ஓட்டின ரெண்டு நாளுக்கும் நடுவுல மூணு மாசம் இருந்தது, கையளவு சார் கேட்டதுக்குப் பதில். உள்காத்து சூடும் பதிவு பண்ணினேன், நெரிசல்ல 59 வரைக்கும் போச்சு.

சத்தம் எனக்குப் பிடிக்கும், அதை மறைக்க மாட்டேன். கம்பெனி பாக்ஸ் பரண்மேல பத்திரமா இருக்கு. பாக்ஸைத் திரும்ப மாட்டிட்டு ரெசொனேட்டரை மட்டும் எடுத்துட்டு அந்த வாயை மூடினா கொஞ்சமாவது சத்தம் வருமா?

கையளவு | பதிவு 22

வரும், கோன் அளவுக்கு இல்லை, ஆனால் காதுக்குத் தெரியும். ரெசொனேட்டர் ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்னால் என்றால் மூடி கொஞ்சம் கசிந்தாலும் ஆபத்தில்லை. பின்னால் என்றால் எடுக்க வேண்டாம், அங்கே சின்னக் கசிவும் வடிகட்டாத காற்றுதான்.

மண்ரோடு | பதிவு 23

கடைசியா ஒரு தகவல். புது ஃபில்டர் போட்டு 3,000 கி.மீ. ஆச்சு, பெரும்பாலும் மண் ரோடு. பாக்ஸைத் திறக்கல, ஹோஸை மட்டும் கழட்டித் துடைச்சேன். துணி வெள்ளை. மூணாம் கியர்ல ஏசியோட மேடு ஏறுது.

சிவப்புக்கோடு | பதிவு 24

அந்த டியூப் எந்த அளவு வாங்கினீங்க ப்ரோ?

மண்ரோடு | பதிவு 25

உள்விட்டம் 6 மி.மீ., மூணு மீட்டர் வாங்கினேன். பலகையோட அப்படியே இருக்கு. வேணும்னா எடுத்துக்கோங்க, முகவரியைத் தனிச் செய்தியில அனுப்புங்க.